ழகரத்தில் தொடங்குபவை

நாகர்கோவில் ஜங்ஷனில்
விசாரணை என்று மூன்று மொழியில் எழுதிய கண்ணாடிக்குப் பின்னால்
பதினொரு வருடம்.
கண்ணாடியில் ஒரு அரைவட்ட ஓட்டை.
குனிந்தால்தான் கேள்வி உள்ளே வரும்.

வண்டி எப்பமாக்கும்?
எந்தப் பிளாட்பாரமாக்கும்?
இன்னைக்கும் லேட்டாக்குமா?
ஒரு நாளைக்கு எண்ணூறு. ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்,
தாணுமூர்த்தி சிரித்தார்.

பழைய முன்பதிவுப் படிவங்களின் முதுகில்
ஒரு மொழி கட்டத் தொடங்கினேன்.
பெயர்ச்சொல் இன்னும் ஒன்றுகூட இல்லை,
வினைச்சொல் நாலோ ஐந்தோ.
கேள்விகளைத்தான் முதலில் செய்தேன்,
வாசலை வைத்துவிட்டு
வீட்டை யோசிக்கிற கொத்தனார் மாதிரி.

தமிழில் எந்தச் சொல்லும் ழ-வில் தொடங்காது.
பள்ளியில் கேட்ட நாள் முதலே அந்த இடம்
வேலி போடாத காலி மனையாகக் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.
பட்டா கேட்க ஆளில்லை. குடியேறினேன்.

ழிம் என்றால் எப்போது. ஏறப்போகிறவர் கேட்பது.
ழீம் என்றாலும் எப்போதுதான்,
ஆனால் ஆளைக் கூட்டிப்போக வந்தவர் கேட்பது.
காத்திருப்பவருக்கு நெடில்.
அவர் சொல்லி முடிப்பதற்குள்
வண்டி கொஞ்சம் நெருங்கியிருக்கும்.

ழூ, எங்கே.
நகர்ந்துபோனவற்றுக்கு மட்டும்.
மருந்துவாழ்மலையை ழூ போட்டுக் கேட்டால் இலக்கணப் பிழை.
குளச்சலில் இருந்து கிளம்பிய போட்டைக் கேட்கலாம்.
கேட்பவர் வாக்கியத்தை முடிக்கக் கூடாது,
பதில் சொல்பவர்தான் முடிக்க வேண்டும்.

வெறும் ழ, யார்.
இரவில் கதவு தட்டப்பட்டால் மட்டும்.
பகலில் தேவைப்படாது,
இங்கே எல்லோரும் யாருக்காவது மச்சினர்.

ழெ, பதில் தெரிந்தே கேட்பது.
தமிழில் அதை அறிவினா என்று
வாத்தியார்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.
என் மொழியில் அது வீட்டில் புழங்குகிறது,
எச்சில் தட்டைப் பார்த்துக்கொண்டே
சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு.

எவ்வளவு என்பதற்குச் சொல் செய்யவில்லை.
கருங்கல்லில் ஒரு முன்னறையில்
பிளாஸ்டிக் நாற்காலியில் முட்டை அகல விரித்து உட்கார்ந்து
ஒருவர் என் அப்பாவிடம் அதைக் கேட்டார்.
பவுன் என்று சேர்க்கக்கூட இல்லை.
மீன் வாங்கும்போது விரலைக் காட்டிக்கொள்வேன்.

ஆக்கும் என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.
ஆரல்வாய்மொழி தாண்டினால் அதற்குச் சிரிக்கிறார்கள்.
கேள்வியின் வாலில் அது நின்றால்
கேட்பவர் சண்டைக்கு வரவில்லை என்று அர்த்தம்.

ஏன் மட்டும் வரவில்லை.
ஏழு தடவை எழுதி ஏழு தடவையும் அடித்தேன்.
எதுக்காக்கும் இதெல்லாம், என்றார் தாணுமூர்த்தி.
அதைத்தான் அண்ணா தேடுகிறேன் என்றேன்.

ஆனி மாத மழை.
மும்பை வண்டி நாலு மணி நேரம் தாமதம்.
ரப்பர் தோட்டத்தில் இருந்தோ சூளையில் இருந்தோ ஒரு பையன்,
தலையில் பாலித்தீன் கவர், கையில் காலி அரிசிச் சாக்கு.
குனிந்து என்னவோ கேட்டான்.
இந்தி இல்லை. வங்காளமும் இல்லை, அது காதுக்குத் தெரியும்.
ஏதோ மலையின் பேச்சு.
மணி ஒன்றேகால். களைப்பில் வாய் தவறி
ழீம் என்றேன்.

அவன் ஓ என்றான்.

இலக்கணத்தில் ஓ என்றால் சந்தேகம்.
எங்கள் ஊரில் ஓ என்றால் ஆமாம்.
அவன் ஊரில் என்னவோ.

மூன்றாவது பிளாட்பாரத்துக்கு நடந்தான்.
சரியான பிளாட்பாரம்.
விடியும்முன் வண்டி வந்தது. அவன் ஏறவில்லை.
ஒரு சின்னப் பெண் தகரப்பெட்டியோடு இறங்கினாள்.
சாக்கைப் பிரித்து இருவர் தலைக்கும் பிடித்துக்கொண்டு
கோட்டாறு பக்கம் போனார்கள்.

படிவத்தைத் திருப்பினேன்.
எப்படி என்பதற்கும் சொல் இல்லை,
அதுவரை கவனிக்கவே இல்லை.
ழ எழுதி, ஒரு கொம்பு போட்டு

அக்கா, கொல்லம் வண்டி எப்பமாக்கும்?